பித்தப்பைக் கல் வலியும் பூட்டிக் கிடக்கும் மருந்தும்

உழைக்கும் மக்களுக்கு வலி புதிதல்ல. மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்பு வலி, நூற்பாலையில் நாள் முழுவதும் நிற்கிறவருக்குக் கால் வலி, நாற்று நடுகிறவருக்கு முதுகு வலி. இவற்றையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கி, மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள்தாம் நம் மக்கள். ஆனால் பல்லைக் கடித்தாலும் தாங்க முடியாத வலி ஒன்று உண்டு. பித்தப்பையில் உள்ள கல் வழியை அடைத்துக்கொண்டால் வருகிற வலி அது. மூன்று பிள்ளை பெற்ற தாய்மார்கள்கூட, "பிரசவ வலியே தேவலை" என்று சொல்லும் வலி.

இந்த வலிக்கு மருந்து இல்லையா? இருக்கிறது. விலை உயர்ந்த மருந்தா? இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய மருந்தா? அதுவும் இல்லை, நம் நாட்டு வயலில் விளைந்து, நம் நாட்டு சர்க்கார் தொழிற்சாலையில் தயாராகிற மருந்து. அப்படியிருந்தும் நம் ஜனங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சியில் சுருண்டு கிடந்து துடிக்கிறார்களே, ஏன்? இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

நோய் என்ன?

கல்லீரலுக்கு அடியில் சின்னக் கத்தரிக்காய் அளவில் ஒரு பை இருக்கிறது. அதுதான் பித்தப்பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்திருந்து, நாம் சாப்பிட்டதும், முக்கியமாக எண்ணெய், நெய் கலந்த சாப்பாடு உள்ளே போனதும், அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் தள்ளுகிறது. அந்தப் பித்தநீர் கெட்டியாகி உறைந்தால் கல்லாகிறது. கல் சும்மா கிடக்கும்வரை பலருக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. அது உருண்டுவந்து பையின் வாயை அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து. பை சுருங்கப் பார்க்கிறது, வழி இல்லை, வலி பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

வலது விலாவுக்குக் கீழே, அல்லது நெஞ்சுக் குழியில் ஆரம்பித்து, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பாயும். வாந்தி வரும். பெரும்பாலும் இரவில், விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். அரை மணி நேரமும் இருக்கும், ஐந்து மணி நேரமும் இருக்கும். நம்மவர்கள் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். வலி தானாக அடங்கினால், நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல் அங்கேயேதான் இருக்கிறது.

இது பணக்காரர் நோய் என்று நினைக்க வேண்டாம். 1968-ல் டாக்டர் மல்ஹோத்ரா என்பவர் இந்திய ரயில்வேத் தொழிலாளர்களிடையே இந்த நோயைப் பற்றி ஆராய்ந்து வெளியிட்டார். தெற்கே உள்ள தொழிலாளரைவிட வடக்கே உள்ளவர்களுக்கு இது ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார். பொன்மலைப் பட்டறைத் தோழர்கள் அதைப் படித்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. தெற்கே வருகிற கற்களும் வேறு ரகம். கொழுப்புக் கல்லைவிட, கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்கள் இங்கே அதிகம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பிள்ளைப் பேறு ஒரு காரணம். நெடுநேரம் வயிற்றைக் காயப் போடுவதும் ஒரு காரணம். சாப்பாடு போகாவிட்டால் பித்தப்பை சுருங்காது, பித்தநீர் தேங்கும். விடியுமுன் வெறும் டீயோடு களத்துக்குப் போய், மத்தியானத்துக்கு மேல் முதல் கவளம் உண்ணும் நம் விவசாயத் தொழிலாளி சகோதரிகளை நினைத்துப் பாருங்கள்.

நோயை மறைத்துவிடுமாம்!

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் வாழைத்தோட்டக் கூலி வேலை செய்யும் ஒரு சகோதரிக்கு ஓர் இரவு இந்த வலி வந்தது. காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஆட்டோவில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டு வந்தார்கள். போன இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்தக் கதை ஒரே இடத்துக் கதை அல்ல. "ஸ்கேன் எடுக்க ஆள் காலையில்தான் வருவார். அதுவரை ஊசி போடக்கூடாது. வலியைக் குறைத்துவிட்டால் நோய் மறைந்துவிடும், எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்" என்றார்களாம். அந்த அம்மாள் நான்கு மணி நேரம் பெஞ்சியில் கிடந்தார். புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறென்ன செய்வார்?

இந்த வார்த்தைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஸ்கேன் இல்லாத நாளில், ரத்தப் பரிசோதனை சரியாக இல்லாத நாளில், டாக்டருக்கு இருந்த ஒரே துப்பு நோயாளியின் வலிதான். அதை மழுப்பிவிடக்கூடாது என்று அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. காலம் மாறிவிட்டது. கடும் வயிற்று வலியோடு வந்தவர்களுக்கு முதலிலேயே அபின் வகை வலி மருந்து கொடுத்தால் நோயைத் தவறாகக் கணிப்பது அதிகமாகிறதா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு 2007-லும் மறுபடி 2011-லும் சொன்ன முடிவு: தவறு அதிகமாகவில்லை; நோயாளியின் துன்பம்தான் குறைந்தது.

ஆகவே, நோய் தெரியும்வரை துடிக்கட்டும் என்பது இன்றைய விஞ்ஞானம் அல்ல, பழைய பழக்கம். பணம் உள்ளவருக்கு இந்தப் பழக்கம் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஏழைக்குத்தான் அது சட்டமாகிறது.

மார்பின் மீது சுமத்திய பழி

இன்னொரு பழைய வாதமும் உண்டு. அதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பித்தநீர்க் குழாய் குடலில் சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சைக்கிள் டியூபின் வால்வு போல அது திறந்து மூடும். 1887-ல் இத்தாலியில் ருஜெரோ ஒட்டி என்ற மருத்துவ மாணவர் இதை விவரமாக ஆராய்ந்தார். அவர் பெயராலேயே அது ஒட்டி வளையம் எனப்படுகிறது. அபினிலிருந்து எடுக்கும் மார்பின் இந்த வளையத்தை இறுக்குகிறது என்று கண்டார்கள். "கல் அடைத்தவனுக்கு மார்பின் கொடுத்தால் அடைப்பின்மேல் அடைப்பாகும், ஆகவே கூடாது, பெத்தடின் கொடு" என்று பாடம் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

பெத்தடின் எங்கிருந்து வந்தது? 1930-களின் கடைசியில் ஜெர்மனியில், தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேடியபோது கிடைத்தது. அந்தப் பிறப்பு காரணமாக அது வளையத்தை இறுக்காது என்று நம்பினார்கள். பின்னால் அளந்து பார்த்தபோது, அபின் வகை மருந்துகள் பொதுவாகவே வளையத்தின் இறுக்கத்தைக் கூட்டக்கூடியவை என்று தெரிந்தது. மார்பின் கொடுத்த நோயாளிகள் பெத்தடின் கொடுத்தவர்களைவிட மோசமாகப் போனார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பெத்தடினுக்கோ வேறொரு ஆபத்து இருந்தது. உடம்பில் அது உடையும்போது உண்டாகும் ஒரு பொருள் தேங்கினால், முக்கியமாகச் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, வலிப்பு வரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்று மார்பின் இருக்கிறது, பெத்தடின் இல்லை.

அப்படியானால் வலி வந்ததும் எல்லோருக்கும் மார்பின் போட வேண்டும் என்றா சொல்கிறோம்? இல்லை. முதல் மருந்து அதுவல்ல. டைக்ளோபினாக் போன்ற, வீக்கத்தைத் தணிக்கும் வலி ஊசிதான் முதலில் வரவேண்டும். பித்தப்பை வலியில் அது அபின் வகைக்கு இளைத்ததல்ல என்று 2016-ல் தொகுத்த ஆராய்ச்சி காட்டியது. அதே ஆண்டில் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் வகுத்த நெறியும் இதுதான்: முதலில் டைக்ளோபினாக் வகை, வலி கடுமையானால் அபின் வகை. மேலும், வயிற்றில் புண் உள்ளவர், சிறுநீரகம் பழுதானவர், இருதய நோயாளி, நிறைமாதக் கர்ப்பிணி போன்றவர்களுக்கு டைக்ளோபினாக் ஆகாது. வெயிலில் வேலை செய்து சிறுநீரகம் கெட்ட விவசாயத் தொழிலாளிக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. இவர்களுக்கெல்லாம் இரண்டாவது கதவு வேண்டாமா? முதல் ஊசியில் வலி அடங்காதவர் என்ன செய்வார்? அந்த இரண்டாவது கதவுதான் மார்பின். அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பித்தப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்ட சிலருக்கு, கோடீன் போன்ற அபின் வகை மருந்தே அந்த வளையத்தை இறுக்கி, பழைய வலியைக் கிளப்பிவிடுவது உண்டு. சில இருமல் மருந்துகளிலும் கோடீன் இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் ஆனவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தைப் பற்றிப் பயமும் வேண்டாம், அசட்டுத் துணிச்சலும் வேண்டாம்.

பூட்டுப் போட்டது யார்?

அபின் வரலாறு ஏகாதிபத்தியத்தின் வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கங்கைக் கரை விவசாயியை மடக்கிக் கசகசாச் செடி பயிரிடச் செய்தான். காஜிப்பூரில் அபின் தொழிற்சாலை வைத்தான். அந்த அபினைச் சீன மக்களுக்கு விற்றுக் கொள்ளை லாபம் அடித்தான். சீனா வேண்டாம் என்று தடுத்தபோது, 1839-ல் பீரங்கிக் கப்பலை அனுப்பி யுத்தம் செய்தான். ஒரு தேசத்தை விஷம் குடிக்க வைப்பதற்கு வியாபார சுதந்திரம் என்று பெயர் வைத்தான்.

அந்தக் காஜிப்பூர்த் தொழிற்சாலையும், மத்தியப் பிரதேசத்தில் நீமச் தொழிற்சாலையும் இன்று மத்திய சர்க்காரின் கையில் இருக்கின்றன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் லைசென்ஸ் பெற்றுப் பயிரிடுகிறார்கள். உலகத்தின் மருந்துத் தேவைக்காகச் சட்டப்படி அபின் பிசின் எடுக்கும் நாடு இந்தியா. வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. விளைகிற நாட்டு நோயாளிக்கு என்ன கிடைத்தது?

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட சட்டம். ஆனால் ஆஸ்பத்திரி மார்பின் வாங்கி வைக்கவும் பல லைசென்சுகள் வேண்டும் என்று ஆயிற்று. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்றின் தேதி முடிந்துவிடும். கணக்கில் சிறு பிசகு வந்தாலும் சிறை என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிக்காரர்கள், "இந்த வம்பே வேண்டாம்" என்று வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். இந்தியா முழுவதும் மருத்துவத்துக்கு உபயோகமான மார்பின் 97 சதவீதம் விழுந்து, 1997-ல் 18 கிலோ அளவுக்கு வந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் வாழும் நாட்டுக்கு 18 கிலோ! கடத்தல்காரன் தன் வியாபாரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியது ஆஸ்பத்திரிதான்.

இதை எதிர்த்துப் போராடியவர்கள் இருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சங்கம் தோன்றியது. டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அதன் பலனாக 2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியம் என்று 2015-ல் அறிவிக்கப்பட்டன. பல லைசென்சுகளுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று.

சட்டம் மாறியது, நடைமுறை அந்த வேகத்தில் மாறியதா? 2017-ல் லான்செட் மருத்துவப் பத்திரிகை நியமித்த குழு உலகம் முழுவதும் கணக்கெடுத்தது. வலியும் துன்பமும் உள்ளவர்களுக்குத் தேவையான அளவில் இந்தியாவில் கிடைப்பது சுமார் 4 சதவீதம் என்றது. உலக ஜனத்தொகையில் ஏழைப் பாதிக்குக் கிடைக்கும் மார்பின் 1 சதவீதம்தான் என்றும் அதே குழு சொன்னது. புற்றுநோய் முற்றியவரின் வலிதான் இந்தக் கணக்கில் பெரும்பங்கு. பித்தப்பைக் கல்லால் துடிக்கிறவரும் அதே பூட்டிய அலமாரியின் முன்னால்தான் நிற்கிறார்.

போதைக்கு அடிமையாவார்களா?

"இப்படித் திறந்துவிட்டால் ஜனங்கள் போதைக்கு அடிமையாகி விடமாட்டார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவைப் பாருங்கள். 1996-ல் பர்டூ பார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்ற அபின் வகை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அடிமையாகும் அபாயம் மிகக் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. சாதாரண முதுகு வலிக்கும் மாதக்கணக்கில் எழுதவைத்தது. சுரங்கத் தொழிலாளர் ஊர்கள் நாசமாயின. லட்சக்கணக்கானவர்கள் அபின் வகைப் பொருள்களால் மாண்டார்கள். 2007-லும் 2020-லும் அந்தக் கம்பெனிக் கூட்டம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இது எதைக் காட்டுகிறது? லாபவேட்டைக்காரன் கையில் கொடுத்தால் மருந்து விஷமாகும் என்பதைக் காட்டுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் பக்கத்தில் நின்று, சிறுகச் சிறுக அளந்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு, சில மணி நேரத்துக்குக் கொடுக்கும் மருந்து வேறு. பாட்டில் பாட்டிலாகக் கடையில் விற்பது வேறு. அளவு மீறி மூச்சு மந்தமானால் மாற்ற நலாக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது. நம் நாட்டிலும் டிரமடால் மாத்திரை சீட்டில்லாமல் புழங்கியதால்தான் 2018-ல் அதையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கடையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சம் வேண்டாம் என்பதே நம் கட்சி.

ஊசி மட்டும் போதுமா?

போதாது. வலி அடங்குவது சிகிச்சையின் ஆரம்பம், முடிவல்ல. ஒரு தடவை வலி வந்தவருக்கு மறுபடியும் வருகிற வாய்ப்பு அதிகம். பித்தப்பையை எடுத்துவிடுவதே தீர்வு. 1990-ல் பம்பாய் ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா, வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாக இதைச் செய்து நம் நாட்டில் ஆரம்பித்து வைத்தார். இன்று மாவட்டங்களிலும் நடக்கிறது. பல நோயாளிகள் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

நம் ஆட்கள் ஏன் போவதில்லை? கூலி! ஆலையில் நிரந்தரத் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. இருக்கிறது. சந்தா நிபந்தனை பூர்த்தியானால், நோய் நாளுக்குச் சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம், பிச்சை அல்ல. அதைக் கேட்டு வாங்குங்கள். காண்டிராக்ட் தொழிலாளியின் பெயரை மேஸ்திரி பதிவே செய்திருக்க மாட்டான். வாழைத்தோட்டக் கூலிக்கும் நடவுப் பெண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பே இல்லை. காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவுக்கு உதவலாம். படுத்திருக்கும் நாளில் அடுப்பு எரிய யார் உதவுவது? ஆகவே மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு ஓடுகிறார்கள். முதலாளிக்கு ஆள் குறையவில்லை. உள்ளே பித்தப்பை அழுகிக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், குளிர் காய்ச்சல் வந்தால், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், வயிறு முழுவதும் கல் போல் இறுகினால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். குழாயில் கல் இறங்கிவிட்டால் கணையமும் வீங்கும், உயிருக்கே ஆபத்து. நெஞ்சுக் குழியில் வரும் வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். "வாயுதான்" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

நம் கோரிக்கை

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்தைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. ஸ்ரீரங்கம், லால்குடி, மணப்பாறை, முசிறி, துறையூர் என்று ஜனங்கள் முதலில் ஓடிப்போகும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியையும் மனதில் வைத்தே சொல்கிறோம்.

முதலாவது, அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியின் வலியை வந்தவுடன் கேட்டு, அளந்து, சீட்டில் எழுத வேண்டும். ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் மருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, இரவும் பகலும் இயங்கும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் மார்பினும் நலாக்ஸோனும் இருப்பில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் கறாராக இருக்கட்டும், சாவி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இந்த மருந்தைக் கையாளும் பயிற்சி தர வேண்டும். பழைய பாடத்தைச் சொல்லி அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. குறைந்த ஆளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உழைக்கும் அவர்களும் தொழிலாளிகளே. போதிய ஆள் போட வேண்டும்.

நான்காவது, ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கக்கூடாது. ஐந்தாவது, விவசாயத் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும்.

ஆலைச் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு நாலு பேராகப் போய், "கடும் வலியோடு வருகிறவருக்கு இங்கே என்ன மருந்து இருக்கிறது? மார்பின் அங்கீகாரம் வாங்கியாயிற்றா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, கலெக்டரின் குறைதீர் நாள் இருக்கிறது. கிடைத்த பதிலைக் கிளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

வலி தாங்குவது தொழிலாளியின் தலையெழுத்து அல்ல. மருந்து இருக்கும் நாட்டில் மனிதன் துடிப்பது விதியும் அல்ல, நிர்வாகத்தின் குற்றம். நம் விவசாயி விளைவித்து, நம் தொழிலாளி காய்ச்சி எடுத்த மருந்து, நம் சகோதரி துடிக்கும் இரவில் அவள் கட்டிலுக்கு வந்தே தீரவேண்டும்.